சர்வர் அறையில் பேசி முடித்த சம்பந்தம்

என் முதல் வேலை திருச்செங்கோட்டை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில். பாடம் நடத்தும் வேலை இல்லை. கல்லூரிக்கு வந்து சேரும் ஒரே ஒரு இணைய இணைப்பை ஆய்வகங்கள், அலுவலகம், துறைகள் என்று எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பிரித்துக் கொடுத்து, அது நின்று போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. எம்.சி.ஏ. முடித்த கையோடு சேர்ந்தேன். ராசிபுரத்தில் எங்கள் தெரு முக்கிலேயே கல்லூரிப் பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும். அப்பாவுக்குச் சேலை வியாபாரம். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், வாய்க்காலில் மடை திறந்து விடுவதைச் சொல்வது போல, "நெட்டு தெறந்து உடற வேலை" என்பார். ஏறக்குறைய அது சரிதான்.

எனக்கென்று ஒரு அறை இருந்தது. அதைச் சர்வர் அறை என்பார்கள். முதல்வர் அறையை விட்டால் ஏசி இருந்தது அங்கே மட்டும்தான். அதுவும் எனக்காக இல்லை, இயந்திரத்துக்காக. வெயில் ஏறிவிட்டால் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு அந்த அறைக்கு வருகிறவர்கள் அதிகம். ஒருவர் பிரிண்டருக்கு மை கேட்பார். இன்னொருவர் பேருந்து எத்தனை மணிக்கு என்பார். அதனால் மெக்கானிக்கல் துறைத் தலைவர் முதல் முறை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, அவரும் குளிருக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவரைக் கண்டால் மாணவர்களுக்கு நடுக்கம். ஒர்க்‌ஷாப்பில் லேத் இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசிப் பழகிய குரல். அந்தக் குரல் மாடியில் கேட்டால், படியேறிக்கொண்டிருக்கும் பையன்கள் திரும்பி இறங்கிவிடுவார்கள். அவர் வகுப்பில் வராதவனுக்காக இன்னொருவன் "பிரசன்ட் சார்" சொல்லி 'பிராக்ஸி' போட்டால், கரும்பலகையிலிருந்து திரும்பாமலே சொன்னவன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க வைப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் அம்மிணி, பிராக்ஸி பிராக்ஸிங்கறாங்களே, அதென்னங்? கிளாசுல பையனுக போடறதுதான் எனக்குத் தெரிஞ்ச பிராக்ஸி."

என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர், கேள்வியில் மரியாதைக்கு 'ங்' சேர்த்துக் கேட்டது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் எல்லாருக்கும் 'ங்க' போடுவது வழக்கம்தான், ஆனால் அவர் கல்லூரிக்குள் யாருக்கும் போட்டு நான் கேட்டதில்லை. இந்த மனிதருக்கு உண்மையிலேயே கற்றுக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் அடுத்து வந்த கூத்துக்கெல்லாம் ஆரம்பம்.

உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினேன். அதுவும் கிட்டத்தட்ட அதே ஆள்தான் சார், ஒருத்தருக்குப் பதிலாக இன்னொருத்தர். உங்கள் துறையில் இருக்கும் கம்ப்யூட்டர் நேராக வெளியே போகாது. உங்களுக்கு ஒரு பக்கம் வேண்டுமென்றால், அது இந்த இயந்திரத்திடம் கேட்கும். இது வெளியே போய் அந்தப் பக்கத்தை வாங்கி வந்து உங்களிடம் கொடுக்கும். கல்லூரி முழுக்க எத்தனை பேர் கேட்டாலும் வெளியே போய் வருவது இது ஒன்றுதான். அதனால்தான் ஒரே இணைப்பை இவ்வளவு பேரும் பங்கு போட முடிகிறது என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு, "சரி, வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில் மறுபடி வந்தார். நான் தயாராக இருந்தேன். மூலையில் சாத்தி வைத்திருந்த வெள்ளைப் பலகையைத் துடைத்து, கட்டம் கட்டமாகப் படம் வரைந்து வைத்திருந்தேன். அன்றைக்கு ஐ.பி. முகவரி. கல்லூரிக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி எண் உண்டு, எந்தக் கம்ப்யூட்டர் என்ன கேட்டது என்று பிராக்ஸி தெரிந்துகொள்வது அந்த எண்ணை வைத்துத்தான், ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு அந்த எண்கள் எதுவும் தெரியாது, பிராக்ஸியின் ஒரே ஒரு எண்தான் தெரியும் என்று விளக்கினேன்.

"அப்ப வெளிய இருக்கறவனுக்கு நம்ம காலேஜு மொத்தமும் ஒத்த ஆளாட்டத்தான் தெரியும்" என்றார் அவர்.

எவ்வளவு அழகாகப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. அவ்வளவு பெரிய வாத்தியார் உன்னிடம் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறார், வேறு ஏதாவது வேலையாக இருக்கும் என்றார். எனக்குக் கோபமே வந்தது.

அவர் தொடர்ந்து வந்தார். போர்ட் என்றால் என்ன என்று ஒரு நாள் சொன்னேன். சேலம் பேருந்து நிலையத்துக்குள் ஈரோடு பஸ் ஒரு இடத்தில் நிற்கும், ஆத்தூர் பஸ் வேறொரு இடத்தில் நிற்கும். நிலையம் ஒன்றுதான் என்றாலும் எங்கே போய் நிற்பது என்று தெரிந்தால்தான் பஸ் ஏற முடியும். அது மாதிரி, ஒரே கம்ப்யூட்டருக்குள் எந்த வேலைக்கு எந்த எண்ணில் போய்க் கேட்பது என்பதுதான் போர்ட். பிராக்ஸியின் ஐ.பி. முகவரியையும் போர்ட் எண்ணையும் பிரவுசரில் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு அது கேட்பதெல்லாம் சரியான இடத்துக்குப் போகும். இன்னொரு நாள் கேட்வே. உள்ளே இருக்கும் வலையும் வெளியே இருக்கும் வலையும் சந்திக்கும் வாசல் அது என்றேன். "நம்ம முன் கேட்டாட்ட" என்றார். ஆமாம் சார் என்றேன்.

ஒவ்வொரு முறையும் போகும்போது கதவருகே நின்று ஏதோ கேட்க நினைப்பார். கேட்கமாட்டார். பாடம் முழுதாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நான் அடுத்த நாள் இன்னும் பெரிய படம் வரைவேன்.

ஒரு வழியாக ஒரு நாள் கேட்டார். சில பக்கங்களைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வருகிறதே, அதை யார் முடிவு செய்கிறார்கள்? நிர்வாகம் கொடுத்த சொற்பட்டியல் ஒன்று இருக்கிறது சார், அந்தச் சொற்கள் முகவரியில் வந்தால் பிராக்ஸி வெளியே போகாமல் இங்கேயே திருப்பி அனுப்பிவிடும் என்றேன். சினிமா, விளையாட்டு, அரட்டை எல்லாம் அதில் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கல்யாணம் பாக்கற பக்கம், மேட்ரிமோனின்னு வருதுங்களே. அதுவுமா?"

கடைசி வருஷப் பையன்கள் அதைப் பார்க்கிறார்கள் என்று புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "கவலையே படாதீங்க சார். அத மொத நாளே அடச்சாச்சு. யாராலயும் தெறக்க முடியாது" என்றேன், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் முகம் விழுந்துவிட்டது. "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சர்வர் அறைத் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல். மெக்கானிக்கல் சார் வீட்டிலிருந்து பேசுகிறேன், அவர் மனைவி என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"அம்மிணி, அவரு கேக்க மாட்டாருங்க. இத்தன நாளா இன்னிக்குக் கேட்டுட்டு வாரேன், நாளைக்குக் கேட்டுட்டு வாரேன்னு போறாரு. ஊட்டுக்கு வந்தா கேட்வேன்னா என்ன, போர்ட்டுன்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்கறாரு. எங்களுக்கு ஒரே புள்ளைங்க. பெங்களூர்ல வேல பாக்குது. மாப்பிள பாக்கோணும். அந்தக் கல்யாணப் பக்கத்தக் கொஞ்சம் தெறந்து உட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. வீட்டில் இணையம் இல்லை. கையிலிருக்கும் செல்போனில் பேச மட்டும்தான் முடியும். ஊருக்குள் பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றால், அங்கே உட்கார்ந்திருப்பதெல்லாம் அவருடைய மாணவர்கள். மகளுக்கு மாப்பிள்ளை தேடுவதை அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்ற கூச்சம். சின்னப் பெண் என்னிடம் கேட்பதற்கு அதைவிடக் கூச்சம். அதனால்தான் பிராக்ஸியில் தொடங்கிச் சுற்றி வளைத்து வந்திருக்கிறார். நானோ நடுவில் பலகையை வைத்துக்கொண்டு அவரை நகர விடாமல் பாடம் நடத்தியிருக்கிறேன். அப்பா சொன்னது சரியாகப் போய்விட்டது. தொலைபேசியை வைத்த பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் இரண்டு பெண்கள். மெக்கானிக்கல் துறைத் தலைவர் அறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் திறந்து விடுங்கள் என்றார். அந்த ஒரு ஐ.பி. முகவரிக்கு மட்டும் அந்தச் சொல்லைத் தடுக்க வேண்டாம் என்று பிராக்ஸியில் ஒரு வரி எழுதினேன். நானாகப் போய் அவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. அவரே மாலையில் கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் பேருந்தில் ஏறும்போது தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

அதன்பின் பாடத்துக்கு வருவது நின்றது. மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். நடுவில் ஒரு நாள் வராண்டாவில் பார்த்தபோது, மேட்டூரில் ஒரு வரன் பிடித்திருக்கிறது என்று தணிந்த குரலில் சொன்னார். பையனின் அப்பா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையனும் பெங்களூரில்தான் இருக்கிறான். மகளும் போட்டோ பார்த்துச் சரி என்றுவிட்டாள். அந்தப் பக்கத்திலேயே விருப்பம் தெரிவித்துச் செய்தி அனுப்பியிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். சொல்லும்போது லேத்துக் குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

நாட்கள் போயின. மறுபடி பார்க்கும்போது வாட்டமாக இருந்தார். வகுப்பில் திட்டுவதே குறைந்துவிட்டது என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு மதியம் அவராகவே சர்வர் அறைக்கு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். மேட்டூரிலிருந்து பதிலே இல்லை என்றார். தினமும் திறந்து பார்க்கிறார், 'பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்றே நிற்கிறது. வீட்டம்மா வேறு இடம் பார்க்கலாம் என்கிறாராம். 

பிறகு பேச்சை மாற்றுவதற்காக ஒன்று கேட்டார். சில பக்கங்கள் தட்டின உடனே வந்துவிடுகின்றன, சில பக்கங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரும்வரை வருவதில்லை, அது ஏன்?

"அது கேஷ் இருக்கறதால சார்."

"காசா? இதுக்குக் காசு வேற கட்டோணுமா?"

பணம் இல்லை சார் என்று சிரித்துவிட்டுச் சொன்னேன். ஒரு பக்கத்தை வெளியே போய் வாங்கி வந்ததும் பிராக்ஸி அதில் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்து யாராவது அதையே கேட்டால் மறுபடி வெளியே போகாது, வைத்திருக்கும் பிரதியை எடுத்து நீட்டிவிடும். அப்படி எடுத்து வைக்கும் இடத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். நம்முடைய இணைப்பு மெலிந்தது. அதனால் இதை நிறுவிய சேலத்து என்ஜினியர், முடிந்தவரை எல்லாப் பக்கத்தையும் பிரதி எடுத்து அதிக நாள் வைத்திருக்கும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். அது பெரிய சாமர்த்தியம் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் தினம் பாக்கறது இன்னைக்குப் பக்கமா, அன்னைக்கு எடுத்து வெச்ச பக்கமா?"

 நான் சொன்ன பாடம்தான், ஆனால் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் பக்கங்களைப் பிரதி எடுக்கக் கூடாது. அந்த அமைப்பு அதையெல்லாம் பார்க்காமல் வாரி வைத்திருந்தது.

என் மேசையில் இருந்த கம்ப்யூட்டர் மட்டும் பிராக்ஸி வழியே போகாமல் நேராக வெளியே போகும். அதில் வந்து பாருங்கள் சார் என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். கடவுச்சொல்லைத் தட்டும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். இரண்டு விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. 

"அம்மிணி, இங்க வந்து பாருங்."

திரும்பிப் பார்த்தேன். மேட்டூரிலிருந்து வரிசையாகச் செய்திகள் வந்திருந்தன. முதலாவதில், ஜாதகம் பொருந்துகிறது, எங்களுக்குச் சம்மதம், எப்போது பெண் பார்க்க வரலாம் என்று இருந்தது. அடுத்ததில், ஊரில் இல்லையா, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்திருந்தார்கள். கடைசியில், பதில் வராததால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம், நல்ல இடம் அமைய வாழ்த்துகிறோம் என்று மரியாதையாக முடித்திருந்தார்கள். தரகர்கள் கூப்பிட்டுத் தொல்லை செய்வார்கள் என்று இவர் தன் போன் எண்ணைக் கொடுக்கவில்லை. மகள் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்திருந்தாள், அதன் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். அந்தக் கல்யாணப் பக்கத்தை மட்டுமே நம்பி இருந்திருக்கிறார். செய்தியின் அடியில் மேட்டூர்க்காரர் தன் செல்போன் எண்ணைக் கொடுத்திருந்தார்.

"இப்பவே கூப்பிடுங்க சார்" என்றேன்.

"என்னன்னு சொல்றதுங்?" என்றார்.

"நடந்தது என்னவோ அதச் சொல்லுங்க."

கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் எழுந்து நின்றுகொண்டார். யார் என்று சொன்னார். அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நிதானமாக, ஆனால் சூடாக ஏதோ சொல்கிறார்கள் என்று இவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு வலது கையில் இருந்த போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வெள்ளைப் பலகையின் பக்கம் நடந்தார். என்னுடைய பழைய படம் இன்னும் பாதி அழியாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தொடங்கினார்.

"இல்லீங், தப்பா நெனைக்காதீங். எங்க காலேஜுல யாரும் நேரா வெளிய போக முடியாதுங். நடுவால ஒரு மிசினு இருக்குதுங், பிராக்ஸின்னு பேரு. நாம கேக்கறத அதுதான் போய் வாங்கிட்டு வரும். வாங்கிட்டு வந்தத ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கும். அடுத்தவாட்டி கேட்டா போகாமயே அந்தக் காப்பியவே நீட்டிரும். நீங்க சரின்னு சொன்ன பக்கத்த நான் பாக்கவே இல்லீங். பழசையேதான் தினமும் பாத்துட்டு, நீங்கதான் வேண்டாங்கறீங்கன்னு நாங்க ஊட்டுல மொகங் கொடுத்துப் பேசாமக் கெடக்கறோமுங்."

அந்தப் பக்கம் கேள்விகள் வந்தன போலிருக்கிறது. பிராக்ஸி ஏன் வேண்டும் என்று சொன்னார். ஒரே இணைப்பைப் பங்கு போடுவதைச் சொன்னார். ஐ.பி. முகவரியைச் சொன்னார். போர்ட்டைக் கூடச் சொன்னார், அதற்கு அங்கே அவசியமே இல்லை. ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. அறைக்குள் ஏசி ஓடியும் அவர் சட்டை முதுகில் நனைந்திருந்தது. கடைசியில் "ஆமாங்க, ஆமாங்க, வாங்க, ஞாயித்துக்கெழம வாங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த முகம் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அன்று மாலையே அந்த அமைப்பை மாற்றினேன். மாறக்கூடிய பக்கங்களைப் பிரதி எடுக்காதபடி வைத்ததும் கல்லூரி முழுக்க இணையம் ஆமை வேகத்துக்கு வந்தது. எல்லாத் துறைகளிலிருந்தும் புகார். துறைத் தலைவர்கள் கூட்டத்தில் இதை எடுத்தபோது மெக்கானிக்கல்காரர் எழுந்து, தாமதமாக வந்தாலும் புதிதாக வருவதுதான் முக்கியம் என்று மேசையைத் தட்டிப் பேசினாராம். இவருக்கு இதில் என்ன அக்கறை என்று யாருக்கும் புரியவில்லை. அடுத்த பருவத்தில் கொஞ்சம் பெரிய இணைப்பு வாங்கினார்கள்.

பெண் பார்க்க வந்த ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. பெண்ணும் பையனும் மாடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்களாம். பெங்களூரில் இரண்டு பேருடைய அலுவலகங்களும் ஒரே பஸ் போகிற வழியில் இருந்ததாம். அதற்குமேல் பெரியவர்கள் பேச அதிகம் இருக்கவில்லை.

கல்யாணம் திருச்செங்கோட்டிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் அப்பாவோடு போயிருந்தேன். சார் பட்டு வேட்டியில் வாசலில் நின்று எல்லாரையும் அதட்டியே வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடிக்காத குறையாகச் சம்பந்தியிடம் அழைத்துப் போய், "இந்த அம்மிணிதானுங்" என்று மட்டும் சொன்னார். மணப்பெண் மேடையிலிருந்தே என்னைப் பார்த்து, தட்டச்சு செய்வது போல விரல்களை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். ரசம் ஊற்றி முடிந்தது. பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும். அன்னைக்குச் சம்பந்தி போன்ல சொன்னாருங்களே, மிசினு காப்பி எடுத்து வெச்சுக்கும்னு. அது நெசந்தானுங்களா?"

நிஜம்தான் சார், எல்லாமே நிஜம் என்றேன்.

அவர் வியந்து போனார். "நான் அத ஒரு வார்த்தகூட நம்பலீங்" என்றார். "சும்மா சாக்கு சொல்றாருன்னுதான் நெனச்சேன். ஆனா ஒரு பொண்ணுக்காவ இத்தன மெனக்கெட்டு, போர்ட்டு கேட்டுன்னு மூச்சு உடாம ஒருத்தரு சாக்கு சொல்றாருன்னா, நல்ல மனுசராத்தான் இருப்பாருன்னு வாரோம்னு சொல்லீட்டேன்."

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் அப்பா அதைக் கேட்டு, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சம்பந்தியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மேட்டூர்க்காரர் கேட்டுக்கொண்டார். அப்பா சரி என்றார். அடுத்த பந்திக்கான ஆட்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். நாங்கள் மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தோம்.